மலாயாப் பென்சனும் கச்சேரிப் பென்சனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவின் தகப்பனார் மலாயாவில் எவ்.எம்.எஸ். புகையிரதத்தில் இலிகிதராக இருந்து 1938 இல் இளைப்பாறி ஊருக்கு வந்தவர். 1961 இல் அவர் காலமானதோடு பென்சன் நின்றுவிட்டது. அவர் பிரித்தானிய அரசுக்கு உழைத்தவர் என்பதால், பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் இலண்டனுக்கு எழுதி ஏதும் கோர முடியுமா? பணம் கொடுத்தால் விண்ணப்பத்தை நிரப்பித் தருவதாக ஒருவர் சொல்கிறார். (ந. க., நீர்வேலி)

பதில்: முடியாது. விண்ணப்பம் நிரப்பித் தருவதாகச் சொல்பவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பேரனார் ஆங்கிலேய மேலதிகாரிகளின் கீழ் வேலை செய்திருப்பார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது இலண்டன் அல்ல. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் 1895 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இணைந்து உருவானதே எவ்.எம்.எஸ். எனப்பட்ட கூட்டமைப்பு. சட்டப்படி அவை சுல்தான்களின் நாடுகள். பிரித்தானியாவின் பாதுகாப்பில் இருந்தனவேயன்றி அதன் குடியேற்ற நாடுகளாக இருக்கவில்லை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றைக் கொண்ட நீரிணைக் குடியேற்றம் 1867 முதல் நேரடி முடியாட்சிக் குடியேற்ற நாடாக இருந்தது. அதற்குத் தனியான திறைசேரியும் தனியான ஓய்வூதிய விதிகளும் இருந்தன. அக்காலத்தில் பொது நியதி என்னவென்றால், எந்த நாட்டில் உத்தியோகம் பார்த்தாரோ அந்த நாட்டின் வருமானத்திலிருந்தே ஓய்வூதியம் வழங்கப்பட வேண்டும் என்பதாகும். ஒருவர் இரண்டு நாடுகளில் மாறி மாறிப் பணியாற்றியிருந்தால், அந்தந்த நாட்டின் பங்கைக் கணக்கிட்டு ஓய்வூதியச் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள்.

1957 ஆகஸ்ட் 31 ஆம் திகதி மலாயா சுதந்திரம் பெற்றபோது இந்தப் பொறுப்பு புதிய கூட்டாட்சிக்குச் சென்றது. இன்று அது மலேசிய அரசின் பொறுப்பாக இருக்கிறது. அந்நாட்டு அரசியலமைப்பின் 147 ஆம் உறுப்புரை ஓய்வூதிய உரிமைகளுக்கெனவே எழுதப்பட்டது. உரிய காலத்தில் நடைமுறையிலிருந்த சட்டமோ, அல்லது பெறுபவருக்கு அதைவிடக் குறைந்த நன்மை தராத பிந்திய சட்டமோதான் அவருடைய ஓய்வூதியத்துக்குப் பொருந்தும் என்று அது கூறுகிறது. ஆட்சி மாறிய பின்னரும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு மலாயாப் பென்சன் தொடர்ந்து வந்ததற்கு இப்படியான வலுவான ஏற்பாடு துணையாக இருந்தது என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

இலண்டன் பணம் தருகிறது என்ற பேச்சுக்கும் ஓர் அடிப்படை உண்டு. 1973 ஆம் ஆண்டின் கடல்கடந்த ஓய்வூதியச் சட்டத்தின் மூலம், முன்னாள் குடியேற்ற நாடுகளில் பணியாற்றிய, வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட பிரித்தானிய அதிகாரிகளின் ஓய்வூதியங்களைப் பிரித்தானிய அரசு பொறுப்பேற்றது. எங்களூரிலிருந்து கப்பலேறிப்போய் இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் சேர்ந்தவர்களை அந்த ஏற்பாடு உள்ளடக்கவில்லை. ஒரே கந்தோரில் அருகருகே இருந்து வேலை செய்தவர்களுக்குள் இவ்வளவு வேறுபாடு காட்டப்பட்டது நீதியானதென்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அன்றியும், ஓய்வூதியம் முதுசொத்து அன்று. மனைவிக்கும் வயது குறைந்த பிள்ளைகளுக்கும் அப்பால் பேரப்பிள்ளைகள்வரை அது இறங்குவதில்லை.

கேள்வி: என் தகப்பனாரின் பழைய இளைப்பாற்றுப் பத்திரத்தின் நிழற்பிரதியை அனுப்பியிருக்கிறேன். அதில் 300/600 என்றும், குறைக்கப்பட்ட ஓய்வூதியம் என்றும் இருக்கிறது. அவருக்குத் தண்டனையாகக் குறைத்தார்களா? (ச. இ., வட்டுக்கோட்டை)

பதில்: இல்லை, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல குடியேற்ற நாடுகளில் ஒரு மாத சேவைக்குச் சம்பளத்தின் அறுநூற்றில் ஒரு பங்கு என்ற வீதத்தில் ஓய்வூதியம் கணிக்கப்பட்டது. உங்கள் தகப்பனார் 25 ஆண்டுகள், அதாவது 300 மாதங்கள், பணியாற்றியிருக்கிறார். ஆகவே சம்பளத்தில் சரிபாதி அவருக்குரியது.

குறைப்பு என்பது அவரே விரும்பித் தெரிவுசெய்தது. ஓய்வூதியத்தின் காற்பங்கை விட்டுக்கொடுத்தால், அந்தக் காற்பங்கின் ஆண்டுத் தொகையைப் போல் பன்னிரண்டரை மடங்கை மொத்தமாகப் பணிக்கொடையாகப் பெறலாம் என்பது வழக்கமான விதி. விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். சம்பளம் 240 டொலர் என்றால் பாதி 120 டொலர். அதில் 30 டொலரை விட்டால் ஆண்டுக்கு 360. அதன் பன்னிரண்டரை மடங்கு 4,500 டொலர். அந்தத் தொகை உடனே கையில் வரும். அதன்பின் மாதந்தோறும் 90 டொலர் மட்டுமே வரும். வட்டியைக் கருதாமல் பார்த்தால், பன்னிரண்டரை ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தவருக்கு இது நட்டம். 55 வயதில் இளைப்பாறி எண்பதைத் தாண்டியவர்கள் எங்கள் ஊர்களில் பலர். என்றாலும் பெண் பிள்ளைகளின் சீதனத்துக்கும் கல்வீடு கட்டுவதற்கும் மொத்தப் பணம் தேவைப்பட்ட குடும்பத்தில் அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்?

நிழற்பிரதியில் பிறந்த திகதி வெட்டப்பட்டு, வேறு திகதி எழுதப்பட்டு, பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் இடப்பட்டிருக்கிறது. மூலப் பத்திரத்தைக் கவனமாகப் பேணுங்கள். இளைப்பாறும் வயதும் சேவைக் காலமும் அந்தத் திகதியை வைத்தே கணிக்கப்பட்டன. ஆகவே அந்தத் திருத்தத்தை ஒரு பொறுப்பான அதிகாரி ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அந்தச் சிறு கையொப்பமே சான்று.

கேள்வி: ஓய்வூதியம் அரசாங்கத்தின் தயவா, உத்தியோகத்தரின் உரிமையா? (இளைப்பாறிய ஆசிரியை, கோப்பாய்)

பதில்: பழைய விதி உங்களை வருத்தக்கூடும். இலங்கையில் 1934 முதல் நடைமுறையிலிருக்கும் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதலாம் பிரிவே, இவ்விதிகளின் கீழ் எந்த ஓய்வூதியத்துக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கு முழுமையான உரிமை இல்லை என்ற பொருளோடுதான் தொடங்குகிறது. உத்தியோகத்தர் முடியின், அதாவது அரசரின், விருப்பத்துக்கு அமையவே பதவி வகிக்கிறார் என்ற ஆங்கிலக் கொள்கையின் பிள்ளை இந்த வாசகம். ஆனால் அதே ஆட்சி, தான் விலகும் வேளையில், 1946 ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பில் 64 ஆம் பிரிவைச் சேர்த்து, ஏற்கெனவே பணியை விட்டவர்களின் ஓய்வூதியத்தை அவர்களுக்குப் பாதகமான புதிய சட்டம் எதுவும் தொடாதபடி காத்தது. தயவு என்று பெயரிட்டுக்கொண்டே உரிமைக்குரிய பாதுகாப்பைக் கொடுத்தார்கள் என்பதே என் கருத்து.

நீதிமன்றத்தில் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வந்தது கோடீஸ்வரன் வழக்கு. அது ஓய்வூதியத்தைப் பற்றியதன்று, சம்பள ஏற்றத்தைப் பற்றியது என்பதை மனத்திற் கொள்ளுங்கள். கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பணியாற்றிய செல்லையா கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் 1962 இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் 1964 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி உயர் நீதிமன்றம் 1967 இல் அதைத் தள்ளியது. அக்காலத்தில் இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் 1969 டிசம்பரில் அந்தக் கருத்தை நிராகரித்து, இந்நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டப்படி, உழைத்த சம்பளத்துக்காக அரசாங்க உத்தியோகத்தர் வழக்காடலாம் என்று தீர்த்தது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய மொழிச் சட்டம் செல்லுபடியானதா என்ற மூலக் கேள்வியை அது தீர்க்காமல் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது பெருங்குறை. ஆனாலும் அரச ஊழியரின் சம்பளம் வெறும் தயவு என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது.

கேள்வி: விதவைகள் அநாதைகள் நிதிக்குத் தகப்பனாரிடம் மாதாமாதம் கழித்தார்கள். அம்மா அவருக்கு முன்னரே காலமாகிவிட்டார். அந்தப் பணத்தைப் பிள்ளைகள் திரும்பப் பெறலாமா? (ம. த., சாவகச்சேரி)

பதில்: அது சேமிப்பு வைப்பு அன்று. 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஓய்வூதிய உரித்துள்ள ஆண் உத்தியோகத்தர் கட்டாயமாகச் செலுத்திய பங்களிப்பு அது. அவருக்குப்பின் மனைவியும் வயது குறைந்த பிள்ளைகளும் வாழ்வதற்காக ஏற்படுத்தப்பட்டது. வளர்ந்த பிள்ளைகள் அதைக் கோர முடியாது. பெண் உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு இத்தகைய பாதுகாப்புக் கிடைக்க 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. உங்கள் சகோதரர்களில் எவரேனும் சிறுவயது முதல் உழைக்க இயலாத வலுவிழப்போடு இருந்தால் நிலைமை வேறாகலாம். அப்படியாயின் தகப்பனாரின் ஓய்வூதிய இலக்கத்தையும் மருத்துவச் சான்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்குச் செல்லுங்கள்.