முதல் கூம்பாவும் ரீவைண்ட் பட்டனும்

வணக்கம் சார்,

எனக்கு வயது 41. சிறுவயதில் வீடியோ கேம் விளையாடியதே இல்லை. பத்து வயது மகள் போன வாரம் பழைய கேம்களின் தொகுப்பு ஒன்றை டிவியில் போட்டு, "இதுல ஆரம்பிங்கப்பா" என்று 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாடக் கொடுத்தாள். ஒரு நிமிடத்துக்குள் மூன்று லைஃபும் போயிற்று. மூன்று முறையும் கொன்றது முதலில் வரும் அந்தக் காளான் பொம்மைதான். அவள் சிரித்துவிட்டு ரீவைண்ட் பட்டனைக் காட்டினாள். செத்தபோதெல்லாம் சில நொடி பின்னால் போய்ப் போய், நாலைந்து நாளில் எட்டு உலகத்தையும் முடித்து இளவரசியை மீட்டுவிட்டேன். மனதில் ஒன்றும் நிற்கவில்லை. இதைக் கொண்டாடுகிறவர்கள் தங்கள் பால்யத்தைத்தான் கொண்டாடுகிறார்களோ? முதல்முறையாக இப்போது வருகிறவனுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஓர் ஆறுதல். அந்தக் காளான் பொம்மைக்குப் பெயர் கூம்பா. என்னையும் அதுதான் கொன்றது. நானும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இந்த கேமைத் தொட்டேன். எனவே என்னிடம் பால்ய நினைவு எதுவும் இல்லை. கொண்டாடுகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் அரைக்கால்சட்டை நாட்களைத்தான் கொண்டாடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன்.

1985இல் ஜப்பானில் வெளிவந்த கேம் இது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் வடிவமைத்தது. கார்ட்ரிட்ஜில், அதாவது கேம் அடங்கிய அந்தச் செருகு பெட்டியில், இருந்தது மொத்தமே 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அடுத்த முறை மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளையாக இருந்தால் மேகம், பச்சையாக இருந்தால் புதர். அவ்வளவு சிக்கனம். திரையில் 'இப்படிக் குதி, அதை எடு' என்று ஒரு வரிகூட வராது. ஆனாலும் முதல் லெவல் முழுக்கப் பாடம்தான் நடக்கிறது.

நாம் ஆட்டுவிக்கும் நாயகன் மாரியோ இடது ஓரமாக, வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். எதிரே வெட்டவெளி, அதனால் எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் நடந்தால் கேள்விக்குறி போட்ட பெட்டி மின்னுகிறது, எதிரிலிருந்து கூம்பா வருகிறது. சும்மா நின்றால் சாவு. சரி, அடுத்த லைஃபில் எப்படியும் குதிப்பீர்கள். ஒன்று அதன் தலைமேல் விழுந்து நசுக்குவீர்கள், இல்லை பெட்டியில் முட்டி ஒரு காசு வரும். எதுவானாலும் லாபம்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. இன்னொரு பெட்டியை முட்டினால் நிஜமாகவே ஒரு காளான் வெளியே வருகிறது. இப்போதுதான் காளான் ஜாடையில் ஒன்று கொன்றிருக்கிறது, இதைப் பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கும். நல்லவேளையாக அது வலப்பக்கம் நகர்ந்து போகிறது. அப்பாடா என்று இருக்கும்போது கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதித் திரும்பி, நேரே உங்களிடம் வருகிறது. தாண்டிவிடலாம் என்று குதித்தால் தலைக்கு மேல் செங்கல் வரிசை. அதில் முட்டிக்கொண்டு காளான் மேலேயே இறங்குவீர்கள். மாரியோ பெரிய ஆளாகிவிடுகிறான்! பயந்து குதித்தவனுக்கும் பரிசு கிடைக்கிற மாதிரி குழாயையும் செங்கல்லையும் வைத்திருக்கிறார்கள். இது திட்டமிட்டுச் செய்ததுதான் என்று மியாமோட்டோவே பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

அதே லெவலின் பிற்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். நடுவில் தரை இருக்கும், தவறி விழுந்தாலும் ஏறி வந்துவிடலாம். சற்றுத் தள்ளி அதே போல இன்னொரு ஜோடி வரும், அங்கே நடுவில் பள்ளம். ஒத்திகை முடிந்தது, இனி நிஜம்.

இதையெல்லாம் நீங்கள் பார்க்காமல் போனதற்குக் காரணம் ரீவைண்ட். செத்த மூன்று நொடியை அழித்துவிட்டால் அந்தத் தாவலை ஒரே ஒரு முறை சரியாகச் செய்தால் போதும். எப்படிச் செய்தோம் என்று கட்டைவிரலுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு லெவல்கள்தான் மொத்தம், தெரிந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அதைப் பல வார ஆட்டமாக ஆக்குவது திரும்பத் திரும்பச் சாவதுதான்.

இரண்டு விஷயம் சொல்கிறேன், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய கன்ட்ரோலரில் 'பி' பட்டன் இடதுபக்கம், 'ஏ' வலதுபக்கம். வலது கட்டைவிரலின் நுனி எப்போதும் 'பி' மேல் அழுந்தியிருக்க வேண்டும், அதுதான் ஓட்டம். நுனியை எடுக்காமலே விரலைச் சற்றுச் சாய்த்தால் அடிப்பகுதி 'ஏ'யை அழுத்தும், அது தாவல். நான் ஒரு மாதம் 'பி'யை விட்டுவிட்டு 'ஏ'வுக்குப் போய், ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்துகொண்டிருந்தேன். இன்னொன்று, டிவி. பழைய குண்டு டிவியில் அழுத்தியதும் படம் அசையும். இப்போதைய தட்டை டிவிகளில் பல, படத்தை மெருகேற்றிக் காட்டுவதால் கொஞ்சம் தாமதம் வரும். அமைப்புகளில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சரியான நேரத்தில் குதித்தும்கூட அந்தக் கூம்பா கொன்றிருக்கலாம்.

அப்புறம், இந்த கேமில் எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். 4-4, 7-4 (முதல் எண் உலகம், அடுத்தது லெவல்) கோட்டைகளில் சரியான பாதையில் போகாவிட்டால் வந்த இடமே திரும்பத் திரும்ப வரும், எது சரியான பாதை என்பதற்கு ஒரு துப்பும் கிடையாது. அங்கே ரீவைண்ட் செய்யுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். லைஃப் எல்லாம் தீர்ந்து ஆட்டம் முடிந்ததும் முதல் உலகத்துக்கே போக வேண்டுமே என்று அலுப்பாக இருந்தால் தொடக்கத் திரையில் 'ஏ'யைப் பிடித்துக்கொண்டு 'ஸ்டார்ட்' அழுத்துங்கள், நீங்கள் எந்த உலகத்தில் செத்தீர்களோ அதன் முதல் லெவலில் இறக்கிவிடும்.

இந்த வாரம் எட்டு உலகமெல்லாம் வேண்டாம், முதல் லெவல் மட்டும், ரீவைண்ட் இல்லாமல். இருவர் ஆடும் முறையில் வைத்து மகளுக்கு மாரியோவின் தம்பி லூயிஜியைக் கொடுங்கள். அதில் நீங்கள் செத்தால்தான் அவளுக்கு முறை வரும். அவள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.