ஜவுளிப் பொறியியலிலிருந்து நெசவுக்கலைக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோவையில் பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பம் முடித்துவிட்டு, ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பவானி. அப்பா இன்றும் ஜமக்காளம் நெய்கிறார். நூலைக் கொண்டு கலைப்படைப்புகள் செய்ய வேண்டும், அதற்கென்று முதுகலை படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் எம்.டெக். படி என்கிறார்கள். எனக்கு ஓவியம் வராது. நுண்கலைப் பட்டமும் கிடையாது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? சேர்ந்தால், இதுவரை படித்த பொறியியல் வீண்தானா?

ச., பவானி

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை அதையொட்டித்தான் வருகின்றன. படித்த பொறியியல் வீணாகாது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் நெசவு பயின்ற அன்னி ஆல்பர்ஸ் 1930-இல் தம் பட்டயத்துக்காக நெய்தது, பெர்னாவ் ஊரிலிருந்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்தில் எதிரொலியைக் குறைப்பதற்கான சுவர்த்துணி. முன்பக்கத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் செலோபேன் இழையையும், பின்பக்கத்தில் ஒலியை உறிஞ்சும் இழையையும் வைத்து, ஒரே நெசவில் இரண்டு வேலைகளை அவர் முடித்தார். இதைப் பொறியியல் என்பதா, கலை என்பதா? 1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முறையாக ஒரு நெசவுக் கலைஞருக்குத் தனிக்கண்காட்சி நடத்தியபோது, அந்தக் கலைஞர் இவர்தான். நூலின் முறுக்கு, அதன் தடிமனைக் குறிக்கும் நூல் எண், இழுவிசை ஆகியவற்றை நீங்கள் அறிந்திருப்பதைப்போல, நுண்கலையிலிருந்து வருகிற பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, உங்கள் வீட்டுத் தறி. ஜமக்காளத்தில் குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல் நெருக்கி அடிக்கப்படுவதால், நீளவாக்கில் ஓடும் பாவு மறைந்துவிடுகிறது. நாம் பார்க்கும் பட்டை நிறங்கள் எல்லாம் ஊடையின் நிறங்களே. ஐரோப்பிய அரண்மனைச் சுவர்களில் தொங்கும் டேபஸ்ட்ரிகளின் கட்டமைப்பும் இதுவேதான். அங்கே ஊடை கரைக்குக் கரை ஓடாமல், உருவத்தின் எல்லையிலேயே திரும்பிவிடும் என்பது மட்டுமே வேறுபாடு. அப்பாவிடம் கேட்டு ஒரு சாண் அகலத்துக்கு இதைச் செய்து பாருங்கள். இரண்டு நிற ஊடைகளும் அடுத்தடுத்த பாவு இழைகளில் திரும்பும் இடத்தில் துணியில் ஒரு கீறல் திறக்கும். அதைத் தைத்து மூடுவதா, காஞ்சிபுரத்துக் கோர்வையைப்போல நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துவிடுவதா, அல்லது வெளிச்சம் புகும்படி திறந்தே விட்டுவிடுவதா என்று நீங்கள் எடுக்கும் முடிவு தொழில்நுட்பத்தோடு நின்றுவிடுவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1959-இல் முதுகலை முடித்த அமெரிக்க இழைக் கலைஞர் ஷீலா ஹிக்ஸ், 1960-களில் கோழிக்கோட்டுக் கைத்தறிப் பட்டறைக்கு வந்து அங்குள்ள நெசவாளர்களோடு வேலை செய்தார். அவ்வளவு தொலைவிலிருந்து அவர் தேடி வந்த தறி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்பதை, ஆறுதலுக்காகச் சொல்வதாக எண்ண வேண்டாம். உண்மையாகவே பெரிய வாய்ப்பென்று கருதுகிறேன்.

ஓவியம் பற்றிய அச்சத்தையும் பெரிதாக்கிக்கொள்ளாதீர்கள். பரோடாவில் ஓவியம் பயின்ற சிற்பி மிருணாளினி முகர்ஜி, பின்னர் ஓவியர் கே.ஜி.சுப்பிரமணியனிடம் சுவரோவியம் கற்றார். அந்த ஆசிரியரோ 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தவர். மிருணாளினி சணல் கயிற்றை முடிச்சுப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பியபோது, முன்கூட்டியே வரைபடம் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் நுழைவுத்தேர்வுகளில் வரையச் சொல்வார்கள். அதற்காகத் தினமும் அரை மணி நேரம் வரைந்து பழகுங்கள், போதும்.

சேர்க்கையைப் பொறுத்தவரை, படிப்பின் வகையறிந்து விண்ணப்பிக்க வேண்டும். எம்.டெக். உங்களை ஆலைக்கும் ஆய்வகத்துக்கும்தான் திரும்ப அழைத்துப் போகும். சென்னை அரசு நுண்கலைக் கல்லூரி, சாந்திநிகேதனின் கலாபவனம் போன்ற இடங்களில் துணிக்கலைக்கு மரபு உண்டு, ஆனால் எம்.எஃப்.ஏ. எனும் நுண்கலை முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் நுண்கலை இளங்கலைப் பட்டம் கேட்பார்கள். 1961-இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் எம்.டெஸ். எனும் வடிவமைப்பு முதுகலைப் படிப்பில் பொறியியல் பட்டதாரிகளுக்கு இடமுண்டு. அங்கே பயன்பாட்டுக்கே அழுத்தம் அதிகம் என்றாலும், உங்களுக்கு முதலில் பொருந்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கலைப்பள்ளிகள் பட்டத்தைவிடப் படைப்புத் தொகுப்பையே பார்க்கின்றன. மிச்சிகனின் கிரான்புரூக் கலைப்பள்ளியில் வழக்கமான வகுப்புகள்கூடக் கிடையாது. தம் பட்டறையில் வேலை செய்துகொண்டே இருப்பதுதான் படிப்பு. கட்டணச் சலுகையோ உதவித்தொகையோ எழுத்தில் கிடைக்காதவரை, கடன் வாங்கி அங்கே போக வேண்டாம். இந்தப் படிப்பை முடித்து வருகிறவர்களுக்கு அந்தக் கடனை அடைக்கும் அளவுக்குச் சம்பளம் உடனே கிடைப்பது அரிது.

தொகுப்பில் பத்து விதமான அழகிய துணிகளை அடுக்காதீர்கள். மேலே சொன்ன கீறலையே எடுத்துக்கொண்டு, பாவின் நெருக்கத்தை மாற்றாமல் ஊடையின் தடிமனையும் திரும்பும் இடத்தையும் மட்டும் மாற்றிப் பல மாதிரிகள் நெய்து, ஒவ்வொன்றின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து, எது ஏன் சரிவரவில்லை என்று உங்கள் சொற்களில் எழுதி வையுங்கள். முதுகலையில் கிடைப்பது உழைக்க நேரமும் கூர்மையான விமர்சனமும்தான். கேள்வியை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும்.

எங்கே இடம் கிடைத்தாலும் சேர்வதற்கு முன் ஒருமுறை அந்தத் துறையை நேரில் பாருங்கள். தறிகளில் பாவு ஏற்றியிருக்கிறார்களா, ஆசிரியர்கள் இன்றும் தாங்களே படைக்கிறார்களா, வகுப்பு நேரத்துக்குப் பிறகும் பட்டறை திறந்திருக்குமா என்று விசாரியுங்கள். அதுவரை நூற்பாலை வேலையை விட வேண்டாம். அங்கே கழிவாகத் தள்ளப்படும் நூலைக் கேட்டு வாங்க முடியுமானால், மாதிரிகளுக்கு அதையே பயன்படுத்துங்கள்.