ரோட்டோரத் தடுப்புச் சுவர்: யார் கட்ட வேண்டும்?

கேள்வி: எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. நடுவே 2 மீட்டர் உயரத்துக்குப் பழைய கருங்கல் தடுப்புச் சுவர். போன மழையில் வயிறு தள்ளிவிட்டது. ரோட்டு ஆபீஸில், "உங்கள் மண்ணைத்தானே தாங்குகிறது, நீங்களே கட்டுங்கள்" என்கிறார்கள். சந்துகளைச் சிமெண்டால் பூசினால் போதும் என்கிறார் கொத்தனார். என்ன செய்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள். சாந்தில்லாமல் அடுக்கிய சுவரில் அந்தச் சந்துகள்தான் மழைநீர் வெளியேறும் வழி. அடைத்துவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கும். 2 மீட்டர் உயரத்துக்குத் தேங்கிய நீர் மட்டுமே, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2 டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளல் தனி.

பொறுப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னது பாதிதான். ரோட்டையே தாங்கும் சுவர் என்றால் அது ரோட்டின் அங்கம், பேச்சே இல்லை. உங்களுடையது போல மேட்டு மண்ணைத் தாங்கும் சுவருக்கு இரண்டைப் பார்க்க வேண்டும்: சுவர் நிற்பது யார் நிலம்? சரிவை வெட்டியது யார்? இயற்கையாகக் கிடக்கும் நிலத்துக்குப் பக்கத்து நிலம் தரும் தாங்கலை 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், 7-ஆவது பிரிவில், உரிமையாகவே சொல்கிறது. ரோட்டை அகலப்படுத்தச் சரிவை வெட்டியிருந்தால் உங்கள் கை ஓங்கும். நீங்கள் மண் கொட்டி மேடாக்கியிருந்தாலோ, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தாலோ அந்த வாதம் பலவீனப்படும்.

ஆதாரத்துக்கு, புலப்படத்தின் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) நகல் எடுத்து, தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி, நில அளவரை வைத்து எல்லையை அளந்து கல் காட்டச் சொல்லுங்கள். அந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதா, உள்ளாட்சியுடையதா என்பதை உறுதி செய்துகொண்டு, அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். சுவர் கட்டிய ஆண்டு, மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து துறை பதியும் ஏடு) நகல் மூன்றையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். துறைப் பணத்தில் கட்டியதாக அளவுப் புத்தகத்தில் இருந்துவிட்டால் அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அதுவரை, கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவருக்குப் பின்னால் இறங்காதபடி குழாய் போட்டுத் திருப்புங்கள். உச்சியில் ஒரு ரீப்பரை நீட்டித் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை, மழை விட்ட நாளில், வாரம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சுவர் நகர்கிறது. அன்றே போட்டோவோடு ரோட்டு அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். கீழே யாரும் வண்டி நிறுத்த விடாதீர்கள்.

யார் கட்டினாலும் சுவரின் அடிப்பகுதி அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. பின்னால் 30 சென்டிமீட்டருக்கு ஜல்லி நிரப்பி, 1.5 மீட்டருக்கு ஒன்றாக 75 மில்லிமீட்டர் குழாய்களை வெளிப்பக்கம் சரிவாக வைக்கச் சொல்லுங்கள்.