சேலையும் சுவரும் ஒரே நிறமாக இருக்கும்போது பின்னணியை நீக்குவது எப்படி?

கொழிஞ்சாம்பாறையில் சுண்ணாம்புச் சுவருக்கு முன் கசவுச் சேலையில் நிற்கும் அக்காவின் படத்தை, கல்யாண அழைப்பிதழுக்காக வெட்டும்போது, சுவரோடு சேலையும் அழிந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை வைத்துத் தேர்வு செய்யும் கருவி, நீங்கள் கிளிக் செய்த புள்ளியின் நிறத்தை ஒட்டியவற்றையெல்லாம் சேர்த்து அள்ளிக்கொள்ளும் என்பதால், வெளிர் துணிக்கும் வெள்ளைச் சுவருக்கும் இடையே அது தடுமாறுவது இயல்பே. ஆகவே கிம்ப் மென்பொருளில் பாத் கருவியை எடுத்து, உருவத்தின் ஓரமாகப் புள்ளிகள் வைத்து, மடிப்பு வளையும் இடங்களில் கோட்டை இழுத்து வளைத்து, வட்டம் முடிந்ததும் அதைத் தேர்வாக மாற்றுங்கள். சரிகைக் கரை தெரியும் பக்கம் எளிது; தோள்பட்டையருகே பொறுமை தேவைப்படும்.

அதன்பின் அழிப்பானைத் தொடாமல், அந்தத் தேர்விலிருந்தே லேயர் மாஸ்க் (லேயர் எனப்படும் பட அடுக்கின் மேல் போடும் மறைப்பு) உருவாக்குங்கள். மாஸ்க்கில் கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி தெரியவிடும்; எனவே எதையும் பிறகு மீட்கலாம். மல்லிகைச் சரத்தைச் சுற்றிப் பறக்கும் முடியிழைகளை மென்மையான சிறு தூரிகையால் சாம்பலில் தீட்டுவதே, என் கருத்தில், கத்தரித்து ஒட்டியது போன்ற தோற்றத்தைத் தவிர்க்கும் வழி. அடியில் அடர்சிவப்பு லேயர் ஒன்றை வைத்துப் பார்த்தால் மிச்சமுள்ள வெள்ளை விளிம்பு உடனே கண்ணில் படும். சரிபார்த்ததும் அந்தச் சிவப்பு லேயரை மறைத்துவிட்டு, பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்; ஜேபெக் வடிவம் ஒளிபுகும் பின்னணியை ஏற்காது.