விடுமுறை நாள் காலையில் பிரெஞ்ச் டோஸ்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, பிரெட்டை முட்டை, பால் கலவையில் ஊற வைத்து எடுக்கும்போதே பிய்ந்து விடுகிறது. தப்பிப் பிழைத்த துண்டுகளும் வெளியே கருகி உள்ளே சொதசொதவென்று இருக்கின்றன. விடுமுறைக்கு வீடு நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள், அதற்குள் சரியாக வர வேண்டும்.

பதில்: கண்டிப்பாக வரும், கவலைப்படாதீர்கள். பிய்வதற்குக் காரணம் பிரெட், உள்ளே ஈரமாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தீ. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்தால் போதும்.

பழைய பிரெட் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் நமக்குத் தேவை காய்ந்த பிரெட். கவருக்குள் கட்டி வைத்து நாலு நாள் ஆன பிரெட் தொட்டால் கெட்டியாக இருக்கும், அதில் ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். மாவுச்சத்து இறுகியதால் வந்த கெட்டித்தனம் அது, சூடு பட்டதும் மறுபடி இளகிவிடும். அதனால் முதல் நாள் இரவே 2 முதல் 2.5 செ.மீ. கனத்தில் துண்டு போட்டு, கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வெளியே காயவிடுங்கள். மறந்துவிட்டால் காலையில் 150 டிகிரி செல்சியஸ் அவனில் (பேக் செய்யும் மின் அடுப்பில்) 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. அவன் இல்லையா, எண்ணெய் விடாத தவாவில் மிகக் குறைந்த தீயில் இரண்டு பக்கமும் நிறம் மாறாமல் காய வைத்தாலும் சரி. விரலால் தொட்டால் மேல்பக்கம் சொரசொரவென்று இருக்க வேண்டும், நடுவில் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும். அதுதான் பதம்.

எட்டு துண்டுக்கு 4 முட்டை, 1 கப் பால் (240 மி.லி.), 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 1 டீஸ்பூன் வெனிலா, கால் டீஸ்பூன் உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் என்னதான் சிரப் ஊற்றினாலும் உள்ளே சப்பென்றுதான் இருக்கும். பாலை ரொம்பக் கூட்டினால் முட்டையால் அத்தனையையும் பிடித்து நிறுத்த முடியாது. வெள்ளைக்கரு இழை இழையாகத் தெரிந்தால் வடிகட்டிக் கொள்ளுங்கள், இல்லையென்றால் டோஸ்டின் ஓரத்தில் ஆம்லெட் துணுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்த கனமான துண்டுக்கு ஒரு பக்கம் 20 விநாடி ஊறினால் போதும். கடையில் வெட்டியே வரும் மெல்லிய பிரெட் என்றால் முக்கி உடனே எடுத்துவிடுங்கள்.

இப்போது தீ. கருகுவது பெரும்பாலும் வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள்களும் கலவையில் உள்ள சர்க்கரையும்தான். வெண்ணெயோடு பாதிக்குப் பாதி வாசனை இல்லாத எண்ணெய் சேர்த்து, நுரை அடங்கியதும் பிரெட்டைப் போடுங்கள். சொய்ங் என்று பெரிதாகச் சத்தம் வந்தால் சூடு அதிகம், சத்தமே இல்லையென்றால் பிரெட் எண்ணெயைக் குடிக்கும், மெல்லிய முணுமுணுப்பு கேட்க வேண்டும். நடுத்தரத்துக்கும் கீழான தீயில் ஒரு பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம், அவ்வளவு நேரம் பொறுமையாக நிற்கத்தான் வேண்டும். வெந்ததா என்று பார்க்க நடுவில் விரலால் அழுத்துங்கள், மெத்தென்று எழும்பி வந்தால் ஆயிற்று, ஈரம் கசிந்தால் இன்னும் ஒரு நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தவாவைத் துடைத்துவிட்டுப் புது வெண்ணெய் போடுங்கள், கருகிய துகள்கள் அடுத்த துண்டில் கசப்பாக ஏறிவிடும்.

கேள்வி: பட்டைத்தூள் கலவையில் கரையாமல் மேலேயே மிதக்கிறது. முதல் துண்டு முழுக்கப் பட்டை, கடைசித் துண்டில் வாசனையே இல்லை!

பதில்: பட்டைத்தூள் தண்ணீரோடு சுலபத்தில் சேராது. முதலில் சர்க்கரையோடு நன்றாகக் கலந்துவிட்டு, அதில் ஒரு முட்டையை மட்டும் ஊற்றிக் குழைத்து, அப்புறம் மற்ற முட்டைகள், பால் என்று போங்கள். உருக்கிய வெண்ணெயில் கலந்து சேர்த்தாலும் நன்றாகப் பரவும், ஆனால் பால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பாலாக இருந்தால் வெண்ணெய் கட்டி தட்டும். எப்படிச் செய்தாலும் ஒவ்வொரு துண்டை முக்கும் முன்பும் ஒரு கலக்கு கலக்குங்கள். பண்டிகை வாசனை வேண்டுமென்றால் துளி ஜாதிக்காய், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆரஞ்சுத் தோல்தான், வெண்ணெயில் அது சூடாகும்போது வருகிற மணத்துக்கே தூங்குகிறவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள்.

கேள்வி: பத்துப் பேருக்குச் செய்கிறேன். நான் அடுப்படியில் நிற்க, மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார வழி உண்டா?

பதில்: உண்டு, நான் அதைத்தான் செய்யச் சொல்வேன். விடுமுறை நாளில் சமைக்கிறவர் மட்டும் தனியாக ஆறின துண்டைச் சாப்பிடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

ஒரு வழி, அவனை 95 டிகிரியில் வைத்து, சுட்ட துண்டுகளைக் கம்பித் தட்டில் வரிசையாக உள்ளே வைப்பது. தட்டையான பாத்திரத்தில் அடுக்கினால் அடிப்பக்கம் வியர்த்து நமுத்துவிடும், ஒன்றின் மேல் ஒன்றாகவும் வைக்க வேண்டாம். 20, 30 நிமிடம் நன்றாகத் தாங்கும்.

அதைவிட நல்ல வழி, இரவே அடுக்கி வைத்துக் காலையில் மொத்தமாக பேக் செய்வது. 23க்கு 33 செ.மீ. அளவுள்ள பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, சுமார் 450 கிராம் காய்ந்த பிரெட்டைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, 8 முட்டை, இரண்டரை கப் பால், கால் கப் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, வாசனைக்கு வேண்டியது எல்லாம் அடித்து மேலே ஊற்றி, பிரெட்டைக் கையால் லேசாக அமுக்கிவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் 180 டிகிரியில் 45 நிமிடம் போல ஆகும், முதல் பாதி ஃபாயில் மூடி, அப்புறம் திறந்து. மேலே பொன்னிறமாகி, நடுவில் குத்திய கத்தியில் பச்சைக் கலவை ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம், பத்துப் பேருக்குத் தாராளமாக வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான அவனில் வைத்தால் விரிசல் விடலாம். அவன் சூடாகும் நேரம் வெளியே இருக்கட்டும். அதற்காக மணிக்கணக்கில் வெளியே வைத்துவிடவும் கூடாது, பச்சை முட்டை கலந்தது.

கேள்வி: வரப்போகிறவர்களில் ஒருவர் முட்டை சாப்பிட மாட்டார். அவருக்கு மட்டும் வெறும் டோஸ்ட் கொடுக்க மனசில்லை.

பதில்: கொடுக்கவே வேண்டாம். 1 கப் ஆறிய பாலில் 2 டேபிள்ஸ்பூன் கஸ்டர்ட் பவுடர், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு. இது அடியில் தங்கும், முக்கும் போதெல்லாம் கலக்க வேண்டும், ஊற வைக்கவும் கூடாது. சாதாரண கனமுள்ள பிரெட்டுக்கு நன்றாக ஒத்துவரும். கவனம், பிரியோஷ் மாதிரியான பிரெட்டிலேயே முட்டை உண்டு, அவருக்கு வேறு பிரெட் எடுங்கள், கஸ்டர்ட் பவுடர் உறையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவருடையதை முதலில் சுட்டுவிடுங்கள், அப்போதுதான் தவாவும் கரண்டியும் முட்டை படாமல் இருக்கும்.

கேள்வி: மேலே என்ன ஊற்றுவது? மேப்பிள் சிரப்பா, தேனா?

பதில்: இரண்டும் நன்றாக இருக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது, விருந்தாளிகள் கைக்குழந்தையோடு வந்தால் நினைவில் வையுங்கள். என்னைக் கேட்டால் இனிப்போடு புளிப்பும் கொஞ்சம் வேண்டும். பெர்ரி பழங்களில் ஒரு கைப்பிடியைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் விட்டு ஐந்து நிமிடம் சூடாக்கினால் தானே சாறு விடும், அதைச் சூடாக மேலே ஊற்றிப் பாருங்கள். பொடித்த சர்க்கரையை மேசைக்குக் கொண்டுபோகும் போதுதான் தூவ வேண்டும், முன்னாலேயே தூவினால் கரைந்து காணாமல் போய்விடும்.

கேள்வி: மிஞ்சினால்?

பதில்: நன்றாக ஆறவிட்டு, தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஃப்ரீஸரில் உறைய வைத்து, அப்புறம் பையில் போட்டுக் கட்டுங்கள். ஒரு மாதம் வரை ருசி மாறாது. சாப்பிடும் அன்று நேராக டோஸ்டரில் போடலாம், மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும். முக்கி முடித்து மீந்த பச்சைக் கலவையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.