காஸ் வரிசையில் ஒரு பிரசங்கம்

அன்புள்ள அக்கா,

2022-இல் காஸுக்கு அலைந்த நாட்களில் எங்கள் சபையில் ஒரு பிரசங்கம் நடந்தது. காத்திருப்பதும் ஆசீர்வாதம், கர்த்தர் நமக்குப் பொறுமை கற்பிக்கிறார் என்று. அம்மா அதற்கு முதல்நாள் விடியப்புறமே போய் நின்று, வெறும் சிலிண்டரோடு திரும்பியிருந்தா. அவ ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களும் உங்கள் பத்தியில் பஸ், சந்தை, அடுப்படி என்று எல்லாவற்றிலும் ஆவிக்குரிய பாடம் எடுக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பாடம் இருந்தே ஆகவேண்டுமா?

பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

வேண்டியதில்லை. அந்தப் பிரசங்கம் எனக்கும் பிடித்திருக்காது.

அந்த வரிசைகளை நானும் பார்த்தேன். நடைபாதை நெடுக நீலச் சிலிண்டர்கள், ஒன்றோடொன்று சங்கிலியிலும் கயிற்றிலும் கோத்தபடி. லொறி வரும், பாதிப் பேருக்குக் கிடைக்கும், மீதிப் பேர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். காஸ் இல்லாமல் போனதற்குக் காரணம் அதை இறக்குமதி செய்ய டொலர் இல்லாதது. அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. ஆட்சியில் இருந்தவர்கள் செய்த வேலையைக் கர்த்தர் தலையில் கட்டினால் அவர்களுக்குத்தான் நல்லது.

மத்தேயு 20-ஐ எடுத்துப் பாருங்கள். அங்கேயும் சிலர் கால்கடுக்க நிற்கிறார்கள். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் சாமான் ஏற்றக் கூப்பிடுவார்களா என்று வண்டிலில் சாய்ந்து நிற்கும் நாட்டாமிமாரைப் போல, கூலிக்காரர் பொழுது சாயும்வரை சந்தைவெளியில் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், ஒருவரும் எங்களுக்கு வேலை தரவில்லை என்கிறார்கள். கேட்ட திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரர் அவர்களுடைய பொறுமையை மெச்சிப் பேசவில்லை. வேலைக்கு அனுப்பி, ஒரு மணித்தியால வேலைக்கு முழுநாள் கூலி கொடுக்கிறார். காலையில் இருந்து வேலை செய்தவர்கள் முறுமுறுத்தார்கள் என்பதையும் இயேசு மறைக்கவில்லை. எனக்கு அந்த உவமையில் பிடித்த இடமே அதுதான். லூக்கா 18-இல் வரும் விதவையும் பேசாமல் காத்திருப்பவள் இல்லை. நியாயாதிபதிக்குத் தொல்லை தாங்காமல் போகும்வரை போய்ப் போய்க் கேட்கிறாள். அதைத்தான் இயேசு ஜெபத்துக்கு உதாரணமாகச் சொன்னார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று உங்கள் பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததே, அதிலும் பாடம் தேடியவர்கள் உண்டு. லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்கிறார். மனந்திரும்புங்கள் என்று அவர் சொன்னது கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு.

நான் எழுதும்போது பார்ப்பதும் இதைத்தான்: பாடம் யாருக்கு? பஸ்ஸில் மிச்சக் காசு கிடைக்காதவருக்கு நான் பொறுமை போதிக்க மாட்டேன். உங்கள் சபையில் அன்று, வீட்டில் மேலதிகமாக இரண்டு சிலிண்டர் அடுக்கி வைத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். பிரசங்கம் அவர்களைப் பார்த்து நடந்திருந்தால் உங்கள் அம்மாவுக்கு ஒருவேளை அன்று காஸ் கிடைத்திருக்கும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது கேட்டுப் பாருங்கள். சொன்னா என்றால், அவவுக்கும் சம்மதம் என்றால், எழுதி அனுப்புங்கள். நான் எதுவும் சேர்க்காமல் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா