டாடா இன்ஸ்டிடியூட் சோறு போடுமா?

வணக்கம் சார்,

நேற்று மகளோடு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். "முதல் பி.யு.சி.லயே இவ்வளவு மார்க் வாங்குற பொண்ணு. பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ் வேணாமாம், டாடா இன்ஸ்டிடியூட்ல பி.எஸ். படிக்கணுமாம். பேரு பெரிசுதான், சோறு போடுமா?" மீதியை இங்கே எழுதுகிறேன்.

பேர் எப்படி வந்தது தெரியுமா? பெங்களூரில் அதன் வாசலில் இந்திய அறிவியல் கழகம் என்று பலகை இருந்தாலும் பஸ் ஸ்டாப்புக்கு இன்றைக்கும் டாடா இன்ஸ்டிடியூட் என்றுதான் பெயர். தொழிலதிபர் ஜாம்செட்ஜி டாடா இதற்காகச் சொத்து எழுதிவைத்தார். 1904-இல் அவர் கண்ணை மூடியபோது கழகம் வெறும் காகிதத்தில்தான் இருந்தது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்து, 1909-இல்தான் அது பிறந்தது. இன்று நடப்பது மத்திய அரசின் பணத்தில்.

நீங்கள் ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறிப் பீன்யா பட்டறைக்குப் போகிறவர். வழியில் சாண்டல் சோப் ஃபேக்டரி என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அதற்கும் இந்தக் கழகத்துக்கும் உறவு உண்டு. முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக் கட்டை எண்ணெய் எடுக்க ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. போர் வந்ததும் அந்த வழி அடைபட்டு, கட்டை விற்காமல் தேங்கியது. கழகத்தில் வேதியியல் பார்த்த சட்பரோ, வாட்சன் என்ற இருவர் இங்கேயே எண்ணெய் வடித்துக் காட்டினார்கள். அதிலிருந்து எண்ணெய் ஆலை, பிறகு நம் வீட்டுக் குளியலறைச் சோப்பு. ஆராய்ச்சி சோறு போடுகிற விதம் இதுதான். கொஞ்சம் சுற்றுவழி, ஆனால் பந்தி பெரிசு.

இன்னொரு பந்தி விண்வெளி. 1962 முதல் 1981 வரை கழகத்தின் இயக்குநராக இருந்தவர் சதீஷ் தவான். 1972-இல் இஸ்ரோவுக்குத் தலைமை ஏற்கச் சொன்னபோது, கழகத்தை விடமாட்டேன், இஸ்ரோ தலைமையகமும் பெங்களூரில்தான் இருக்க வேண்டும் என்றார். டெல்லி ஒத்துக்கொண்டது. அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் இங்கே காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் கதிர்) ஆராய்ச்சி செய்தார். டி.ஐ.எஃப்.ஆர். என்ற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை 1945-இல் இங்கேயே தொடங்கி, அதே வருடம் மும்பைக்குக் கொண்டுபோனார்.

சரி, பெருமை போதும், கணக்குக்கு வருவோம். பி.எஸ். என்பது நான்கு வருட அறிவியல் பட்டப்படிப்பு. அதை முடித்ததும் கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் போல 22 வயதில் கை நிறையச் சம்பளம் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் பிஹெச்.டி.யை மனதில் வைத்துத்தான் சேருகிறார்கள். பிஹெச்.டி.க்கு இன்னும் ஐந்து வருடம் ஓடும், ஆனால் நீங்கள் கைக்காசு போட வேண்டாம். 2023 முதல் ஜூனியர் ஃபெலோஷிப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, நாலாவது வருடமே சம்பளம் வந்தாக வேண்டும் என்றால், தயங்காமல் பி.இ. என்பேன். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நடுவழி ஒன்றும் உண்டு: 2022-இல் கழகமே கணிதமும் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்த பி.டெக். தொடங்கியது. அதற்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். பி.எஸ்.ஸுக்கு அதைத் தவிர ஐ.ஏ.டி. என்ற ஐசர் (IISER) கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வும் ஒரு வாசல். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் கழகத்தின் வெப்சைட்டை மட்டும் நம்புங்கள். கோச்சிங் சென்டர் நோட்டீஸ் வேண்டாம்.

"பொம்பளப் புள்ள 28 வயசு வரைக்கும் படிச்சா..." என்று இழுத்தீர்கள். 1933-இல் கமலா சோஹோனி இதே கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதற்காகவே இடமில்லை என்றவர் அப்போதைய இயக்குநர் சர் சி.வி. ராமன், நம்ம திருச்சிக்காரர்! அந்தப் பெண் நகரவில்லை. ஒரு வருடம் சோதனை முறையில் வைத்துப் பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டார். 1939-இல் கமலா கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமே வாங்கினார். நோபல் வாங்கியவரே அந்த விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டார் சார்.

வருடத்துக்கு ஒருநாள் ஓபன் டே என்று கேட்டைத் திறந்து எல்லோரையும் உள்ளே விடுவார்கள். மகளைக் கூட்டிப்போங்கள். ஏதாவதொரு லேபில் பிஹெச்.டி. மாணவரிடம், "இந்த மாசம் உங்க எக்ஸ்பெரிமெண்ட் எத்தனை தடவை சொதப்புச்சு?" என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லும்போது உங்கள் மகளின் முகத்தைக் கவனியுங்கள். வாட்டம் தெரிந்தால் பி.இ. பற்றிப் பேசலாம். அடுத்த கேள்வி கேட்டால் ஐ.ஏ.டி. பாடத்திட்டத்தோடு என்னிடம் வாருங்கள்.